வேலூர், ஆற்காடு ஒருநாள் வரலாற்றுப் பயணம்: போகலாமா?

வேலூர் கோட்டைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போனாலும் ஒரு வசனம் தயாராக இருக்கும். "பாருங்க, ஒரே மதிலுக்குள்ள கோயில் இருக்கு, மசூதி இருக்கு, சர்ச் இருக்கு." பள்ளிக்கூடச் சுற்றுலாவில் தொடங்கி, ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வரும் ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அடுத்து ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்கு எந்த பஸ் என்று கேட்பார்கள். மசூதியும் சர்ச்சும் அங்கே எப்படி வந்தன, யார் கொண்டுவந்தார்கள், வந்த பிறகு நம்ம மாவட்டத்து ஜனங்களுடைய வாழ்க்கையில் என்ன மாறியது, இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. அதனால்தான் இங்கே ஒரு சின்னக் குழு நடத்தும், வட ஆற்காட்டில் இஸ்லாமும் கிறிஸ்தவமும் பரவிய கதையைச் சொல்லும் ஒருநாள் பயணத்துக்கு உடனே பணம் கட்டினேன்.

ஆளுக்கு 950 ரூபாய். வேன், காலை டிபன், மதியம் பிரியாணி எல்லாம் அதில் அடக்கம். கூட்டிக்கொண்டு போனவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், எல்லாரும் சார் என்றே கூப்பிட்டோம். கையில் மைக் கிடையாது, ஆனால் வகுப்பெடுத்த குரல், பின்னால் நிற்பவருக்கும் கேட்டது.

காலை 7 மணிக்குக் கோட்டை. நான் பயந்த அந்த வசனத்தை சார் சொல்லவே இல்லை, அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நேராக மசூதிக்கு முன்னால் நிறுத்தினார். பூட்டிய கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் வெறும் முற்றம். ஆற்காட்டு நவாபுகள் காலத்து மசூதி, இப்போது தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, தொழுகைக்கு அனுமதி இல்லை, அனுமதி கேட்டு முஸ்லிம் அமைப்புகள் பல வருஷமாகப் போராடுகின்றன. அப்புறம் ஜலகண்டேஸ்வரர் கோயில். விஜயநகர காலத்துச் சிற்ப வேலை, கல்யாண மண்டபத் தூண்களைப் பார்க்கவே அரைநாள் வேண்டும். ஆனால் பல தலைமுறைகளாக அங்கே மூலவர் இல்லை, பூஜை இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து 1981-இல்தான் மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். சர்ச் 1846-இல் எழுந்தது. "இது ஊர் ஜனங்களுக்குக் கட்டினது இல்லப்பா, பட்டாளத்துக்குக் கட்டினது" என்றார் சார். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், முகலாயர், நவாபு, கும்பெனி (கிழக்கிந்தியக் கம்பெனி) என்று ஆட்சி கைமாறிக்கொண்டே வந்த இடம் அது. யார் கையில் சாவி இருந்ததோ அவர்களுடைய வழிபாட்டு இடம் எழும்பியது, மற்றவர்களுடையது அடங்கிப்போனது. மத நல்லிணக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டால் இந்தக் கதை மொத்தமும் தொலைந்துபோகிறது.

1806-க்கு சார் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார், அது வீண் போகவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி என்று தேதி தெரியும், மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருப்பது தெரியும், காரணம் கேட்டால் தலைப்பாகை என்பார்கள். சார் விவரமாகச் சொன்னார். 1805 கடைசியில் வந்த உத்தரவுப்படி, இந்துச் சிப்பாய் அணிவகுப்பில் நெற்றியில் நாமமோ திருநீறோ இடக்கூடாது, முஸ்லிம் சிப்பாய் தாடியை எடுக்க வேண்டும், இரண்டு பேருக்கும் புதுத் தலைப்பாகை, அதில் தோலில் செய்த ஒரு சின்னம். பார்ப்பதற்குத் தொப்பி மாதிரியே இருந்தது. தொப்பி என்றால் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரனும் கிறிஸ்தவனான இந்தியனும் போடுவது. நம்மை மதம் மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று பாளையம் முழுக்கப் பேச்சு பரவியது. எதிர்த்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள், ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம், அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் சிப்பாய்கள் உள்ளே தங்கிவிட்டார்கள். விடியும் முன்னே வெள்ளைக்காரப் படைமேல் பாய்ந்தார்கள், மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார், நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள்.

இதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. இந்தக் கலகத்துக்கு யார் காரணம் என்று லண்டனில் பெரிய சண்டை நடந்ததாம். பாதிரிமார்களை உள்ளே விட்டதால் வந்த வினை என்று கும்பெனியில் ஒரு தரப்பு, இல்லவே இல்லை என்று மிஷன்காரர்கள், இரண்டு பக்கமும் துண்டுப் பிரசுரமாக அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கும்பெனி வியாபாரம் செய்ய வந்த கூட்டம், ஊர் அமைதியாக இருந்தால் போதும் என்பது அதன் கணக்கு. 1813 சாசனச் சட்டம் வந்த பிறகுதான் மிஷனரிகளுக்குக் கதவு சரியாகத் திறந்தது. வெள்ளைக்கார ராஜாங்கமும் கிறிஸ்தவ மிஷனும் கைகோத்துக்கொண்டே வந்து இறங்கின என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டும், அதுவும் அந்த மதில் நிழலில் நின்று கேட்க வேண்டும்.

கோட்டையிலிருந்து டிபன் முடித்து ஆஸ்பத்திரித் தெரு. வேலூர்க்காரர்களுக்கு சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) என்பது காற்று, தண்ணீர் மாதிரி, யோசிக்கவே மாட்டோம். சார் யோசிக்க வைத்தார். ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தார், 1836-இல் மெட்ராஸ். அவர் பிள்ளைகள்தான் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். 1866-இல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி தொடங்கியவர் சைலஸ் ஸ்கடர், அதே குடும்பம். ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா 1870-இல் அதே ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பிரசவங்கள், மூன்று வீட்டு ஆண்களும் தனித்தனியாக வந்து பொம்பளை டாக்டர் வேண்டும் என்று கேட்டார்கள், அதில் ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் தொடக்கூடாது என்று திரும்பிப் போய்விட்டார்கள், மூன்று பெண்களும் விடிவதற்குள் செத்துப்போனார்கள். இந்தக் கதை ஊரில் பல பேருக்குத் தெரியும். ஆனால் சார் அதைச் சொல்லிவிட்டுக் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "மூணு வீட்லயும் மதம் வேற, சாதி வேற. பொண்ணு செத்தாலும் பரவாயில்லங்கறதுல மட்டும் மூணு பேரும் ஒண்ணு. இதை மாத்தினது எது? பிரசங்கமா, பிரசவ வார்டா?"

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா உடனே, "வார்டுதாங்க சார்" என்றார். அவர் நர்ஸாக இருந்தவர்.

ஐடா அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து 1900-இல் திரும்பி வந்து ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தது, 1902-இல் ஷெல் ஆஸ்பத்திரி ஆனது, 1909-இல் நர்ஸ் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1947-இல்தான். அதாவது, கிட்டத்தட்ட 30 வருஷம் இந்த ஊரில் டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்றால் பெண்ணாக இருக்க வேண்டும். நம்ம ஊரைப் பற்றி இதைவிடப் பெருமையான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை, அதை ஒரு பலகையில் எழுதி பஸ் ஸ்டாண்டில் வைக்கலாம். தொழுநோயில் மடங்கிப்போன கைகளை டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தியதும் இங்கேதான். வெளியே வந்தால், வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்காக லாட்ஜ் பலகைகள் எல்லாம் வங்காளத்தில், மீன் சாப்பாடு வங்காளத்து ருசியில், கடைக்காரர் பெரம்பூர்த் தமிழும் கொல்கத்தா வங்காளமும் மாற்றி மாற்றிப் பேசுகிறார். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஒரு தெருவின் மொழியையே மாற்றியிருக்கிறது.

பக்கத்தில் ஊரிசு கல்லூரியை வேனிலிருந்தே காட்டிவிட்டார்கள். 1898-இல் தொடங்கியது, பின்னாளில் ஜனாதிபதியான ராதாகிருஷ்ணன் மெட்ராஸ் போவதற்கு முன் படித்தது இங்கேதான். மிஷன் கல்லூரியில் படித்தவர் இந்து தத்துவத்தை உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் ஆளாக வந்தார் என்பதற்காகவாவது ஒரு பத்து நிமிஷம் இறங்கியிருக்கலாம்.

அடுத்து பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரி. இத்தனை வருஷம் வேலூரில் இருந்துவிட்டு அந்தத் தெருவில் நின்று ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்ததில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார், பல பேருக்கு அதுதான் நிலைமை. உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே பேச்சு. வெள்ளைத் தொப்பி போட்ட பையன்கள் கிதாபுகளை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள், அதில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். ஷா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மதரஸா. இங்கே படித்து முடித்த ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பெயருக்குப் பின்னால் பாகவி என்று போட்டுக்கொள்வார்கள். கேரளாவில் ஒரு பள்ளிவாசல் பலகையில் பாகவி என்று பார்த்தால் அவர் வேலூர்த் தண்ணீர் குடித்தவர் என்று அர்த்தம். இலங்கையிலிருந்தும் வந்து படித்திருக்கிறார்கள். குர்ஆனை முழுதாகத் தமிழில் தந்த அப்துல் ஹமீது பாகவியும் இங்கே படித்தவர்தான். ஹஜ்ரத் மகான் தர்காவும் லத்தீபியா மதரஸாவும் வேறு இருக்கின்றன, நேரமில்லை என்று பேரை மட்டும் சொன்னார்கள். சூஃபி மகான்களைப் பற்றி இன்னும் பேசியிருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் இஸ்லாம் ஜனங்களின் மனசுக்குள் போனதில் தர்காவுக்குப் பெரிய பங்கு உண்டு, மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் குழந்தைக்குப் பேர் வைக்கவும் எல்லா மதத்துக்காரரும் போய் நின்ற இடங்கள் அவை.

கடற்கரைக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தை வேனில் போகும்போது நன்றாக விளக்கினார். காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் இஸ்லாம் வந்தது அரபு வியாபாரிகளோடு, மரக்கலத்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. அவர்களுக்குத் தமிழ்தான் வீட்டு மொழி. நம்ம பக்கம் பெரிய அளவில் வந்தது 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, பீஜப்பூர் படையோடும் முகலாய நிர்வாகத்தோடும் நவாபுகளோடும். அதனால்தான் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் முஸ்லிம் வீடுகளில் உருது கேட்கிறது. வாள் முனையில் மதம் மாற்றினார்கள் என்று பேசுகிறவர்களுக்கு சார் சொன்ன பதில் எளிமையானது. நவாபு ஆண்ட ஆற்காட்டைச் சுற்றி இன்றைக்கும் பெரும்பான்மை இந்துக்கள்தான், வாள்தான் வழி என்றால் அது எப்படி?

மேல்விஷாரத்தில் அரை மணி நேரம். எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த இடம் இதுதான். தோலைத் தொடுவது தீட்டு என்று மேல்சாதிக்காரர்கள் ஒதுங்கிய தொழிலை முஸ்லிம் வியாபாரிகள் எடுத்து நடத்தினார்கள். பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை, ஊருக்கு ஊர் தோல் மண்டி, மெட்ராஸ் பெரியமேட்டில் ஏஜென்ட், அங்கிருந்து லண்டனுக்குக் கப்பல். அந்தக் காசு என்ன ஆனது என்று பாருங்கள். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியா கல்லூரி, மேல்விஷாரத்தில் தோல் வியாபாரி அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-இல் கல்லூரி. இங்கேயெல்லாம் எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், என் கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே பட்டம் வாங்கியவர்கள். சர்க்கார் கல்லூரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்தில் கிராமத்துப் பையனுக்கு இதுதான் கிடைத்தது.

ஆற்காடு சாப்பாட்டு ஊராக முடிந்துபோனது, வருத்தம்தான். பிரியாணி அருமை: சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் அரைத்த காரம், பக்கத்தில் கத்திரிக்காய், தயிர் வெங்காயம். சைவக்காரர்களுக்குக் கொடுத்த சாதம் ஆறிப்போயிருந்தது, அதைக் குழு கவனிக்க வேண்டும். மக்கன் பேடா ஒன்று கொடுத்தார்கள், உள்ளே முந்திரியும் திராட்சையும் ஜீராவில் ஊறி, சூடாக. ஆனால் தென்னிந்தியாவில் ஒரு பெரிய பகுதியை ஆண்ட நவாபுகளின் தலைநகரம் அது! 1751-இல் கிளைவ் உட்கார்ந்து முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் மிச்சமிருக்கும் டெல்லி கேட்டைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். திப்பு மஸ்தான் அவுலியா தர்காவுக்கு வெளியே வேனை நிறுத்தி, இவர் பேரைத்தான் ஹைதர் அலி தன் மகனுக்கு வைத்தார் என்ற வழக்கத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பியாச்சு. நவாபு நாட்டில் இந்து அதிகாரிகள் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள், கோயில் மானியம் என்ன ஆனது, எதுவும் இல்லை.

இப்போது என் பெரிய குறை. ஆற்காட்டிலிருந்து ராணிப்பேட்டை போக பாலாற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். கடந்தோம். ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தோல் பணத்தில் கல்லூரி எழும்பியதைச் சொன்ன வாய், அதே தோல் கழிவு இந்த ஆற்றை என்ன செய்தது என்று சொல்லாமல் இருக்கலாமா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி விவசாயத்தை விட்டவர்களும், தோல் ஊறிய தொட்டியில் இறங்கிக் கை கால் வெந்தவர்களும் இந்த வரலாற்றில் உண்டு. அந்தத் தொட்டியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித்துகள், இன்று ஷூ கம்பெனிகளில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

சாதியைப் பற்றியும் இதே கதைதான். ராணிப்பேட்டை மிஷன் காம்பவுண்டு பக்கத்தில் ஒரு தம்பி கேட்டான், "சார், மிஷன்ல சேர்ந்தவங்க யாரு?" சார், "எல்லாத் தரப்பும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாத் தரப்பும் இல்லை. ஆற்காடு மிஷன் பெருகியது பறையர் சேரிகளில். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித்தான் தென்னிந்திய மிஷன்கள் பலவற்றில் ஜனங்கள் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள், இங்கேயும் அப்படித்தான். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று கேவலமாகப் பேசுவார்கள். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றியவனிடம் போவதில் என்ன கேவலம்? அதோடு அவர்களுக்குக் கிடைத்தது கஞ்சி மட்டுமா? சேரிக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம், உபதேசியார் கற்றுக்கொடுத்த எழுத்து, பண்ணையாரிடம் தகராறு என்றால் கலெக்டருக்கு மனு எழுதித்தர ஒரு ஆள். அந்தப் பள்ளியில் படித்த பெண்தான் நர்ஸாகி, டீச்சராகி, அடுத்த தலைமுறையை ஊரைவிட்டு வெளியே கொண்டுவந்தாள். சர்ச்சுக்குள்ளும் சாதி வந்து பெஞ்சில் உட்கார்ந்தது, கல்யாணத்தில் நின்றது, அதையும் சொல்ல வேண்டும். 1950 ஜனாதிபதி உத்தரவால் கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதிச் சலுகையை இழந்தார், பிறகு சீக்கியருக்கும் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது, இவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுச் சான்றிதழில் இந்து என்று வைத்திருக்கும் குடும்பங்கள் எதனால் அப்படி இருக்கின்றன என்பதற்கு இதுதான் பதில். சமூகத் தாக்கம் என்று அறிவிப்பில் போட்டுவிட்டு இதைத் தாண்டிப் போவது சரியில்லை. இறங்கும்போது சாரிடம் நேரிலேயே சொன்னேன், "நீங்க சொல்றது நியாயம்தான், கலந்து வர்ற கூட்டத்துல எப்படிப் பேசறதுன்னுதான்" என்றார். 1806-ஐயும் மசூதிப் பூட்டையும் அவ்வளவு நிதானமாகப் பேசியவருக்கு இதுவும் முடியும்.

5-க்கு 4 கொடுக்கிறேன். ஆற்காட்டில் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் கால் மணி நேரம் வண்டியை நிறுத்தினால் அந்த மிச்சம் ஒன்றும் வந்துவிடும்.

போகிறவர்களுக்கு: சித்திரை, வைகாசியில் வேண்டாம், வேலூர் வெயிலில் கோட்டை மைதானத்தில் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமையும் தவிருங்கள், ஜும்மா நேரத்தில் மதரஸா தெருவில் வேன் நுழையாது, அவர்களுக்கும் தொந்தரவு. கோட்டையை விட்டால் நல்ல கழிப்பறை மதியச் சாப்பாட்டுக் கடையில்தான், வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் டிபன் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வி இருந்தால் வேன் ஓடும்போது கேளுங்கள், இறங்கிய இடத்தில் சாருக்கு நேரம் போதவில்லை. சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லி, சூடாக வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.